புகைமாறனுக்குக் கால் இல்லை

இல்ல சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க போனை எட்டிப் பார்க்கணும்னு பார்க்கல. இப்பத் தள்ளிவிட்டீங்களே ஒரு படம், அதைத் திரும்பக் கொண்டு வாங்க. ஆங், அதேதான். கேசட்டு, பக்கத்துல பென்சில். 'இந்த ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தெரிஞ்சவங்க லைக் போடுங்க.' நீங்க போடாமத் தள்ளிட்டீங்க. பரவாயில்ல, பரவாயில்ல. அது நான் போட்டது சார். கீழ மூலையில பாருங்க, ஜெகா ஆர்ட்ஸ். நான்தான் ஜெகா. ஜெகதீசன். திண்டுக்கல்ல பிளக்ஸ் பேனர் கடை வச்சிருக்கேன்.

பேனர் வயித்துக்கு. உள்ளுக்குள்ள நான் படைப்பாளி.

காரைக்குடிக்குப் போறேன், ஒரு கல்யாணம். நீங்க? சிங்கம்புணரியா? நத்தம் இப்பத்தான் தாண்டுது, நேரம் இருக்கு. ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. நீங்க பொதுவான ஆளு, நீங்களே சொல்லுங்க யார் பக்கம் நியாயம்னு. வீட்ல கேட்டா நியாயம் கிடைக்க மாட்டேங்குது.

புகைமாறன் தெரியுமா சார்? தெரியாதா? சும்மா சொல்லாதீங்க. 'துள்ளுக்குட்டி'ன்னு சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மாசப் பத்திரிகை வந்துச்சு, எண்பத்தாறுல இருந்து எண்பத்தொன்பது வரைக்கும். அதுல நடுவுல நாலு பக்கம் படக்கதை. கறுப்பு முகமூடி, இந்தா இப்படி ஒரு தாடை, கடத்தல்காரனை எல்லாம் புகையோட புகையா வந்து பிடிப்பான். ஓவியம்: நீலன். அவ்வளவுதான் போட்டிருக்கும். நீலன் யாரு, எந்த ஊரு, ஒருத்தருக்கும் தெரியாது. நான் பொறந்தது எண்பது. ஆனா நெட்ல 90ஸ் கிட்ஸ்லதான் சேர்ந்திருக்கேன். அங்கதான் கூட்டம்.

என் பக்கத்துக்கு நாற்பதாயிரம் பேர் சார். எல்லாம் புகைமாறனை வச்சுத்தான். பொங்கலுக்குப் பானை பக்கத்துல புகைமாறன். காதலர் தினத்துக்குத் தனியா நிக்கிற புகைமாறன். ரேஷன் கடை வரிசையில புகைமாறன், அது எட்டாயிரம் லைக். வாரத்துக்கு மூணு படம், பன்னெண்டு வருஷம். கணக்குப் பார்த்தா நீலன் வரைஞ்சதைவிட நான் வரைஞ்சதுதான் ஜாஸ்தி. நீலன் பெத்தாரு, நான் வளர்த்தேன். அப்படித்தான் பக்கத்து முகப்புலயே எழுதி வச்சிருக்கேன்.

சும்மா வரையுறது மட்டும் இல்ல, ஆராய்ச்சி. புகைமாறனுக்கு இடது கண்ணுக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கும். ஆனா தலைப்புப் படத்துல மட்டும்தான் இருக்கும். உள்ளே கதையில இருக்காது. ஏன்? யோசிச்சுப் பார்த்திருக்கீங்களா? நான் யோசிச்சேன். பதினோரு பாகமா எழுதினேன். அந்தத் தழும்பு இனிமேல் வரப்போற காயம் சார். படக்கதையோட கடைசிப் பாகத்துல அவன் மலை உச்சியில ஒத்தைக் கையில தொங்குறான், 'தொடரும்'னு போட்டிருக்கு, அதோட பத்திரிகையே நின்னு போச்சு. அடுத்த மாசம் வந்திருந்தா அந்தக் காயம் பட்டிருக்கும். தலைப்புல நிக்கிறது எதிர்காலப் புகைமாறன். எப்படி?

அப்புறம் காலு. எந்தப் படத்துலயும் அவன் காலு தெரியாது. முட்டிக்குக் கீழ புகை. அவன் மனுஷனே இல்ல, செத்துப்போன ஒரு போலீஸ்காரனோட ஆவின்னு எங்க ஆளு ஒருத்தர் எழுதினார், மதுரையில வாத்தியாரா இருக்காரு. நான் ஒத்துக்கல. பூமியில கால் பதிக்காதவன், அதாவது பற்று இல்லாதவன்னு நான் எழுதினேன். இதுல எங்களுக்குள்ள ரெண்டு கோஷ்டி. ஆவிக்கோஷ்டி, பற்றறுத்தான் கோஷ்டி. நாலு மாசம் பேச்சுவார்த்தையே இல்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

போன தை மாசம் ஒரு புதன்கிழமை நான் ஒரு படம் போட்டேன். மறுநாள் வியாழக்கிழமை யாரோ ஒரு அம்மா ஒரு படம் போட்டிருக்காங்கன்னு எங்க ஆளு ஒருத்தர் அனுப்பினாரு. பிரேமாவதி தேவராஜ்னு பேரு. முகப்புப் படம் ஒரு தக்காளிச் செடி. டெலிபோன் பில்லோட பின்பக்கத்துல பால்பாயின்ட் பேனாவுல வரைஞ்சிருக்காங்க சார், புகைமாறனை! தழும்பு இல்ல. அதைவிட, கால் இருக்கு! செருப்பு போட்டிருக்கு! ரப்பர் செருப்பு! கீழ 'பழைய ஞாபகம்'னு ஒரு வரி.

உங்களுக்கு எப்படி இருக்கும்? அந்தத் தாடை என் தாடை சார். பன்னெண்டு வருஷமா நான் வரையுற தாடை. மரியாதையாத்தான் கேட்டேன்: 'அம்மா, என் ஓவியத்தைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். கிரெடிட் போடவும்.' அதுக்கு அந்தம்மா, 'கிரெடிட்னா என்ன தம்பி?'

நக்கல்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க?

'இது என்னுடைய படைப்பு' அப்படின்னேன். 'இல்ல தம்பி, இது நான் வரைஞ்சது. ரொம்ப நாளைக்கு முன்னாடி' அப்படின்னாங்க. ரொம்ப நாளைக்கு முன்னாடியாம்! வியாழக்கிழமை போட்டுட்டு! அதை அப்படியே போட்டோ புடிச்சு என் பக்கத்துல போட்டேன். 'நட்பூக்களே, ஒரு கலைஞனின் உழைப்பு திருடப்படுகிறது' அப்படின்னு ரெண்டே வரி. மத்ததை எங்க ஆளுங்க பார்த்துக்கிட்டாங்க. நான் யாரையும் திட்டச் சொல்லல. அதைக் குறிச்சுக்குங்க. ஆவிக்கோஷ்டி, பற்றறுத்தான் கோஷ்டி எல்லாம் அன்னைக்கு ஒண்ணாச் சேர்ந்தாங்க சார். எனக்கே கண்ணு கலங்கிருச்சு. 'முதல்ல மனுஷ உடம்பு வரையக் கத்துக்கோ கிழவி' அப்படின்னு ஒருத்தர் போட்டாரு, அது கொஞ்சம் அதிகம்தான், நான் அதுக்கு லைக் போடல. சும்மா சிரிக்கிற பொம்மைதான் போட்டேன்.

ஒரு ஆறுநூறு பேர் புகார் பட்டனை அமுக்கியிருப்பாங்க. ரெண்டே நாள். அந்தம்மா பக்கமே காணோம். அன்னைக்கு ஒரு போஸ்டர் போட்டேன், புகைமாறன் கை கட்டி நிக்கிறான், பின்னாடி தீ எரியுது, 'திருட்டுக்கு இங்கே இடமில்லை.' அந்தத் தீ மட்டும் நெட்ல எடுத்தது. தீ எல்லாருக்கும் பொதுதானே.

பதினஞ்சு நாள் இருக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. அறுபது வயசு இருக்கும். கையில பெரிய கட்டைப் பை, பழனியில இருந்து பஸ்ஸுல வந்திருக்காங்க.

"ஜெகா ஆர்ட்ஸ் இதானே தம்பி?"

"ஆமாம்மா, பேனரா, கல்யாணப் பத்திரிகையா?"

"ரெண்டும் இல்ல. என் பக்கம் காணாமப் போச்சு. உங்க பக்கத்துல நம்பரும் விலாசமும் போட்டிருந்துச்சு. நீங்கதானே அன்னைக்கு என்கிட்ட பேசினது? எனக்கு அதுல வேற யாரையும் தெரியாது. அதான் உங்களைக் கேட்கலாம்னு வந்தேன்."

சண்டைக்கு வந்திருக்காங்கன்னு நான் சேரைத் தள்ளிக்கிட்டு எழுந்திரிச்சிட்டேன். ஆனா அந்தம்மாவுக்கு விஷயமே தெரியல சார். நான் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு, எடுத்துக் கொடுத்துருவேன்னு நினைச்சு வந்திருக்காங்க. ஏதோ ஒரு வீடியோவாம். வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஆன அன்னைக்கு ஆபீஸ்ல பாடினாராம். மனுஷன் போய் ரெண்டு வருஷம். பழைய போனு தண்ணித் தொட்டியில விழுந்துருச்சு, நெட்ல அவங்க பக்கத்துல போட்டு வச்சது ஒண்ணுதான் மிச்சம். "தினம் காலையில காபி குடிக்கும்போது ஒரு தடவை போட்டுக் கேட்பேன் தம்பி. சுருதியே சேராது. இருந்தாலும் கேட்பேன்" அப்படின்னாங்க.

நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். "அம்மா, விதிமுறை மீறினா பக்கத்தை எடுத்துருவாங்கம்மா."

"நான் என்ன மீறினேன்?"

என் சம்சாரம் செல்வராணி லேமினேஷன் மிஷின்ல நின்னுக்கிட்டிருந்தா. கடையில எனக்கு உதவி அவதான். மிஷினை நிறுத்திட்டு, "சொல்லுங்க, அவங்க என்ன மீறினாங்க?" அப்படின்னா. வீட்டு ஆளே இப்படிக் கேட்டா என்ன பண்ணுவீங்க?

நான் சொல்லிட்டேன். "அம்மா, நீங்க என் புகைமாறனைப் பார்த்து வரைஞ்சீங்க. அதான் காரணம்."

அந்தம்மா "ஓ, அதுக்கா?" அப்படின்னு கட்டைப் பையில இருந்து ஒரு கட்டு எடுத்து மேஜையில வச்சாங்க. பெரிய பெரிய அட்டை. பென்சில் கோடு, மேல இந்தியன் இங்க். ஓரத்துல ஆசிரியர் கையெழுத்துல 'இந்தப் படத்தைச் சிறிதாக்கவும்.' மலை உச்சியில தொங்குற அந்தப் பக்கம் சார். அசல். காகிதம் பழுத்துப் போய்க் கிடக்கு.

"நீலன்..." அப்படின்னேன். 

"நான்தான். அப்ப எனக்கு இருபத்தொண்ணு. சண்டைக் கதைக்குப் பொம்பளை பேர் போட்டா நல்லா இருக்காதுன்னு ஆசிரியர் சொன்னார். அவர் மேஜையில நீல மை பாட்டில் இருந்துச்சு. நீலன்னு போட்டுட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை கிடைச்சது, நானும் வரையுறதை விட்டுட்டேன்."

உங்களுக்குச் சொன்னா புரியாது சார், அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு. கடவுளே வந்து கடையில உட்கார்ந்த மாதிரி. ஆனா கடவுள்கிட்ட சந்தேகம் கேட்கக்கூடாதுன்னு எனக்கு அப்பத் தெரியல.

"அம்மா, அந்தத் தழும்பு?"

"எந்தத் தழும்பு?"

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உத்துப் பார்த்தாங்க. "இதுவா? அச்சாபீஸ்ல தலைப்புப் படத்தோட அச்சு பிளாக்கு கீழ விழுந்து கீறல் விழுந்துருச்சு. புதுசு பண்ணச் சொன்னேன். ஆசிரியர் கேட்கல, மாசா மாசம் அதையே வச்சு ஓட்டிட்டார்."

பதினோரு பாகம் சார்.

"காலு?"

"எனக்குக் கால் வரைய வராது தம்பி. விரல் எல்லாம் கிழங்கு மாதிரி வரும். அதான் புகை போட்டு மறைச்சேன். புகை இருக்கேன்னு ஆசிரியர் புகைமாறன்னு பேர் வச்சார். ரிட்டயர்டு ஆனப்புறம் சும்மா உட்கார்ந்து கால் வரையப் பழகினேன். அதைத்தான் அன்னைக்குப் போட்டேன். நல்லா வந்துச்சுல்ல?"

மலை உச்சியில தொங்கினானே, அப்புறம் என்ன ஆனான்னு கேட்டேன். முப்பத்தஞ்சு வருஷக் கேள்வி. "ஆசிரியர் பத்திரிகையை நிறுத்திட்டு ரைஸ்மில் வச்சுட்டார். இவன் ஏறி வந்திருப்பான், வேற என்ன?" அப்படின்னுட்டு, "அந்தப் பாட்டை எடுக்க முடியுமா தம்பி?" அப்படிங்கிறாங்க.

நான் உட்கார்ந்துட்டேன். செல்வராணிதான் டீ வாங்கிட்டு வந்து அந்தம்மாவுக்குக் கொடுத்தா. எனக்குக் கொடுக்கல.

தப்பு நடந்துபோச்சு, ஒத்துக்கிறேன். நான் மறைக்கிற ஆளு இல்ல. அன்னைக்கே மன்னிப்பு எழுதினேன். சாதாரண மன்னிப்பு இல்ல சார். 'நீலனைக் கண்டேன்'னு தலைப்பு. சின்ன வயசுல காய்ச்சல்ல படுத்திருந்தப்ப புகைமாறன் எனக்கு எப்படித் துணையா இருந்தான், படைப்பாளிக்கு வர்ற மன அழுத்தம், நெட்ல நாம எவ்வளவு அவசரப்படுறோம், எல்லாம் எழுதினேன். கடைசி வரியில அந்தம்மாவைப் பத்தியும் போட்டேன். நான் அழுற போட்டோ ஒண்ணு. பதினேழாயிரம் லைக்! ரேஷன் கடையைவிட ரெண்டு மடங்கு. 'பெரிய மனசு அண்ணா'ன்னு எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்றாங்க. அந்தக் 'கிழவி'ன்னு எழுதினவரே இதயம் போட்டாரு.

மறுநாள் அந்தம்மா போன் பண்ணினாங்க. சந்தோஷப்படுவாங்கன்னு எடுத்தேன். "தம்பி, என் பேரைப் போட்டிருக்கீங்களாமே, பழைய ஆபீஸ்காரங்க எல்லாம் போன் பண்ணித் துக்கம் விசாரிக்கிறாங்க. அதை எடுத்துருங்க." பதினேழாயிரத்தை எப்படி சார் எடுக்கிறது? பேரை மட்டும் எடுத்துட்டு 'ஒரு மூத்த கலைஞர்'னு மாத்தினேன்.

பக்கம் திரும்பக் கிடைக்கல. நான் ரெண்டு மனு போட்டேன், பதிலே இல்ல. செல்வராணி மனு எல்லாம் போடல. அந்தம்மாகிட்ட வீட்டுக்காரர் ஆபீஸ் ஆளுங்க பேரைக் கேட்டு எழுதிக்கிட்டா, அவரும் டெலிபோன்லதான் வேலை பார்த்தவராம். ஒவ்வொருத்தரா போன். பழனியில ரிட்டயர்டு ஆன டெலிபோன்காரங்க அத்தனை பேருக்கும். கடை வேலை அப்படியே கிடக்கு, ஒரு காதுகுத்து பேனர் ரெண்டு நாள் லேட்டு. பதினெட்டாவது ஆளோ பத்தொன்பதாவது ஆளோ, உடுமலையில ஒரு லைன்மேன், அவர் போன்ல அந்த வீடியோ இருந்திருக்கு. பாட்டு முடிஞ்சதும் யாரோ தும்முற வரைக்கும் முழுசா இருக்கு. அனுப்பி வச்சா. அந்தம்மா போன்லயே அழுதாங்களாம், இவளும் அழுதா. நான் கேட்டேன், "ஏண்டி, இதை வச்சு ஒரு பதிவு போடலாமா?" திரும்பி ஒரு பார்வை பார்த்தா பாருங்க. நான் போடல.

ஆனா எனக்குன்னு ஒரு பிரச்சினை இருக்குல்ல சார்? எங்க ஆளுங்க கேட்கிறாங்க, 'அண்ணா, அப்ப உங்க புகைமாறன் டூப்ளிகேட்டா?' ஆவிக்கோஷ்டி வாத்தியாரு தனிப் பக்கமே ஆரம்பிச்சுட்டாரு. அதனால போன வாரம் பழனிக்குப் போனேன். ஒரே ஒரு வரி கேட்டேன். 'ஜெகதீசனின் ஓவியமே அசலுக்கு மிக நெருக்கமானது', கீழ ஒரு கையெழுத்து. கம்ப்யூட்டர்ல அடிச்சே கொண்டு போயிட்டேன், அவங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னு.

அந்தம்மா என் படத்தை எல்லாம் ஒண்ணு விடாமப் பார்த்தாங்க. "கோடு நல்லா இருக்கு. ஆனா எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்கே தம்பி" அப்படின்னாங்க. அது புகைமாறன்மா, ஒரே மூஞ்சியாத்தான் இருக்கும்னேன். "இவனை மூணு வருஷம் வரைஞ்சே எனக்குச் சலிச்சுப்போச்சு. நீங்க எப்படித்தான் பன்னெண்டு வருஷமா... அந்தச் செல்வராணியை ஒரு படம் வரைஞ்சு கொண்டு வாங்க. எனக்கு அந்தப் பொண்ணு படம் ஒண்ணு வேணும், செவுத்துல மாட்ட. அதைக் கொடுத்துட்டு உங்க காகிதத்துல கையெழுத்து வாங்கிக்குங்க."

இவ்வளவுதானேன்னு வந்துட்டேன். பதினாறு வருஷமாப் பார்க்கிற முகம், எதிர்ல உட்கார வைக்கணும்னுகூட இல்ல. கடையில நேத்து உட்கார்ந்து வரைஞ்சேன். நல்லா வந்துச்சு. பின்னாடி லேசாப் புகை. இன்னைக்குக் காலையில கிளம்புற நேரத்துல அவகிட்ட காட்டினேன். தோசைக்கல்லை இறக்கி வச்சுட்டு வந்து பார்த்தா. சந்தோஷப்படுவான்னு நான் நிக்கிறேன்.

"இது யாரு?"

"நீதான்."

"இந்தத் தாடை யாரோடது?"

அது கைப்பழக்கம், விடு, மத்தது எல்லாம் சரியா இருக்குல்லன்னேன். அவ முந்தானையால மூக்கை மூடிக்கிட்டு, "நான் மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருக்கேன்?" அப்படின்னா.

"வலது."

"நிச்சயமா?"

அப்படிக் கேட்டா யாருக்கும் ஒரு தடுமாற்றம் வரும்ல? "இடது" அப்படின்னேன். பையை எடுத்துக்கிட்டு முன்னால நடந்துட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முந்தானையை எடுக்கல. தூசியாம்.

போன்ல பார்த்துக்கலாமேன்னு நானும் தேடினேன். பதினாலாயிரம் படம் இருக்கு, எல்லாம் அவன்தான். இவ இருக்கிறது ரெண்டு. ஒண்ணுல இடது பக்கம் இருக்கு, இன்னொண்ணுல வலது பக்கம் இருக்கு. ரெண்டுல ஒண்ணு செல்பி, அது திருப்பிக் காட்டும். எது செல்பின்னு தெரியல. என் மூஞ்சி ரெண்டுலயும் பாதிதான் இருக்கு.

அடுத்தது சிங்கம்புணரியா? சார், எழுந்திரிக்காதீங்க, ஒரு நிமிஷம். பின்வாசல் வேண்டாம், முன்வாசல் வழியா இறங்குங்க. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கா பாருங்க, அதான் செல்வராணி. நான் எட்டிப் பார்த்தா கண்டுபிடிச்சிருவா, நீங்க போற போக்குல பார்த்துட்டுக் கீழ இறங்கி நின்னு எனக்குக் கையைக் காட்டுங்க. இடதுன்னா இடது கை, வலதுன்னா வலது கை. அவளோட இடது சார், எதிர்ல நின்னு பார்க்கிற உங்களோட இடது இல்ல. இந்தா விசில் அடிச்சிட்டான். போங்க சார், முன்வாசல், முன்வாசல்.